பூனைக்கு வெட் ஃபுட்டா ட்ரை ஃபுட்டா? நம்ம திருநெல்வேலி வெயிலுக்கு எதை, எவ்ளோ, எப்படி குடுக்கணும்

எங்க வீட்டுப் பூனை செவலை, அவன் ஒன்னுக்கு ரெண்டுக்கு போற மணல் தட்டுல, அதான் லிட்டர் ட்ரேல, போயி குந்துனான், கொஞ்ச நேரம் முக்குனான், எந்திச்சி வந்துட்டான். பத்து நிமிஷத்துல மறுபடியும் போனான். மணல்ல பாத்தா ஒரு ரூபா காசு அளவு கூட ஈரம் இல்ல. நான் மலச்சிக்கல்னு நெனச்சி ஒரு ராத்திரி பூரா அப்டியே விட்டுட்டேன். வெள்ளன எந்திச்சி பாக்கேன், வாந்தி எடுத்துப் போட்டுட்டு பட்டாசல் மூலைல சுருண்டு கெடக்கான், அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு, தொட்டதும் கத்துதான். தூக்கிட்டு ஓடுனோம். ஒன்னுக்கு போற வழி அடைச்சிருக்குன்னு சொல்லி மயக்கம் குடுத்து டியூப் போட்டு தான் எடுத்தாங்க. டாக்டர் கேட்ட மொத கேள்வி என்ன சாப்பாடு குடுக்கீங்கன்னு. ட்ரை ஃபுட், அதான் காஞ்ச உருண்டையா வருமே, அது மட்டும் தான் சார்னேன். ரெண்டாவது கேள்வி, ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கான்? அதுக்கு எனக்கு பதில் தெரியல. மூணு வருஷமா வளக்குதேன், ஒரு நாள் கூட அதைப் பாத்ததில்ல.

அது மே மாசம், அக்னி நட்சத்திரம், பாளையங்கோட்டைல மத்தியானம் வெளிய தலை காட்ட முடியாத வெயில். ட்ரை ஃபுட்டால மட்டும் தான் அடைப்பு வந்துச்சுன்னு ஒத்தக் காரணம் சொல்ல முடியாது, உடம்பு போட்டிருந்தான், வீட்டுக்குள்ளேயே கெடப்பான், பக்கத்துல வீடு கட்டுத சத்தத்துல ஒரு மாசமா மிரண்டு போயிருந்தான், இது எல்லாமே சேந்து தான் வரும்னு சொன்னாங்க. ஆனா இதுல நம்ம கைல இருக்குத ஒன்னு தண்ணி. அதனால வெட்டா ட்ரையான்னு யாரு எங்கிட்ட கேட்டாலும் நான் தண்ணியிலேருந்து தான் ஆரம்பிப்பேன்.

பூனையோட பூர்வீகம் பாலைவனம். ஆப்பிரிக்கா, அரேபியா பக்கம் இருக்குத காட்டுப் பூனை வம்சம் தான் நம்ம வீட்டுப் பூனை. அதுக்கு தண்ணி பெரும்பாலும் எரையிலேருந்தே கெடைச்சிரும், ஒரு எலி உடம்புல ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணி தான். அதனால நாய் மாதிரி நக்கி நக்கி குடிக்குத பழக்கம் பூனைக்கு கெடையாது, தாகமே மெதுவா தான் எடுக்கும், ஒன்னுக்க கெட்டியாக்கி தண்ணிய மிச்சம் புடிச்சிக்கிடும். ட்ரை ஃபுட்ல தண்ணி 10 சதவீதத்துக்குள்ள தான், வெட் ஃபுட்டுன்னு சொல்லுத கிரேவி பாக்கெட்ல 75லேருந்து 85 வரைக்கும். ட்ரை திங்குத பூனை கிண்ணத்துல கூடுதலா குடிக்கத்தான் செய்யும், ஆனா கூட்டிக் கழிச்சிப் பாத்தா வெட் திங்குத பூனைக்கு போற அளவு தண்ணி உள்ள போகாது. ஒன்னுக்கு கெட்டியாச்சுன்னா அதுல உப்பு படிகம் சேருதுக்கு வழி ஆயிருது, ஆம்பளப் பூனைக்கு அந்த குழாய் ரொம்ப சின்னது, அடைச்சிக்கிடும்.

இப்ப கணக்குக்கு வருவோம், ஏன்னா இது தெரியாம கடைல போயி நின்னா பாக்கெட்ல இருக்குத படத்தைப் பாத்து தான் வாங்குவோம். நாலு கிலோ எடை, ஸ்டெரிலைஸ் (கருத்தடை ஆபரேஷன்) பண்ணுன, வீட்டுக்குள்ளேயே இருக்குத பூனைன்னு வச்சிக்கிடுவோம். அதுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 200 கலோரி வேணும், தண்ணி கிலோவுக்கு 50 மில்லி வச்சா 200 மில்லி, சாப்பாட்டுல இருக்குத தண்ணியும் சேத்து தான் இந்த 200. நம்ம ஊர்ல கெடைக்குத நெறைய பாக்கெட்ல கலோரியே போட்டிருக்க மாட்டாங்க. அதுக்கு ஒரு வழி இருக்கு. பின்னாடி பொடி எழுத்துல புரோட்டீன், கொழுப்பு, ஃபைபர், மாய்ஸ்சர் (தண்ணி) எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும், சாம்பல் சத்து (தாது உப்பு) போடலன்னா ட்ரைக்கு 8, வெட்டுக்கு 2ன்னு எடுத்துக்கிடுங்க. எல்லாத்தையும் கூட்டி 100லேருந்து கழிச்சா மிச்சம் மாவுச்சத்து. புரோட்டீனையும் மாவுச்சத்தையும் தனித்தனியா 3.5ஆல பெருக்கி, கொழுப்ப 8.5ஆல பெருக்கி, மூணையும் கூட்டுனா 100 கிராமுக்கு எத்தனை கலோரின்னு வந்துரும்.

ஒன்னு போட்டுக் காட்டுதேன். ட்ரை பாக்கெட்ல புரோட்டீன் 30, கொழுப்பு 10, ஃபைபர் 5, மாய்ஸ்சர் 10, சாம்பல் 8. கூட்டுனா 63, மிச்சம் 37 மாவுச்சத்து. கலோரி 320 கிட்ட வரும். வெட் பாக்கெட்ல புரோட்டீன் 8, கொழுப்பு 3, ஃபைபர் 1, மாய்ஸ்சர் 83, சாம்பல் 2, மிச்சம் மாவு 3. இதுக்கு 64 கலோரி தான். அப்போ ட்ரை மட்டும்னா ஒரு நாளைக்கு 60 கிராம் சொச்சம் போதும், வெட் மட்டும்னா 80 கிராம் பாக்கெட் நாலு வேணும். நெறைய பேரு ஒரு பாக்கெட்ட காலைல பாதி சாயங்காலம் பாதி வச்சிட்டு பூனை எளைச்சிப் போச்சே, எந்நேரமும் கத்துதேன்னு சொல்லுதாங்க. அது பசில கத்துது.

இதுல இன்னொரு விசயம். ட்ரைல 30 புரோட்டீன், வெட்ல வெறும் 8ன்னு பாத்துட்டு வெட்ல சத்தே இல்ல, காசுக்குப் புடிச்ச கேடுன்னு ஒரு பேச்சு உண்டு. தண்ணிய எடுத்துட்டுப் பாருங்க. ட்ரைல தண்ணி போக 90 பங்குல 30 புரோட்டீன், அதாவது 33 சதவீதம். வெட்ல தண்ணி போக 17 பங்குல 8, அதாவது 47 சதவீதம். மாவுச்சத்தும் அதே மாதிரி, ட்ரைல 41, வெட்ல 18 தான் வரும். பூனை கறி தின்னு வாழுத சாதி, மாவுச்சத்துல்லாம் அதுக்கு பெருசா தேவையே இல்ல.

அப்போ வெட் தான் ஒசத்தின்னு சொல்லிட்டு போயிரலாமே, ஏன் ட்ரையும் வைக்கேன்னா, முக்கியமா காசு, பெறவு நம்ம வேலை நேரம். ஒரு கிரேவி பாக்கெட் 45 ரூபா, ட்ரை கிலோ 400 ரூபான்னு வச்சிக்கிடுங்க, விலை மாறிக்கிட்டே தான் இருக்கும், உங்க கடை விலைய போட்டு கணக்கு பாத்துக்கிடுங்க. ட்ரை மட்டும்னா ஒரு நாளைக்கு 25 ரூபா, மாசம் 750. வெட் மட்டும்னா ஒரு நாளைக்கு 180, மாசம் 5400, நம்ம வீடுகள்ல எத்தனை பேரால இது முடியும்? ஒரு பாக்கெட் வெட், கூட 45 கிராம் ட்ரைன்னா 63 ரூபா, மாசம் 1900க்குள்ள அடங்கிரும். ரெண்டு பாக்கெட் வெட், கூட 30 கிராம் ட்ரைன்னா 102 ரூபா. நான் செவலைக்கு இந்த கடைசி கணக்கு தான் வச்சிருக்கேன். ரெண்டு பாக்கெட்லயே 130 மில்லிக்கு மேல தண்ணி போயிருது, மிச்சம் 60, 70 தான் அவன் கிண்ணத்துல குடிக்கணும், அதை எப்டியும் குடிச்சிருதான். ட்ரை மட்டும் திங்கும்போது அவன் 190 மில்லி குடிச்சிருக்கணும். இப்ப நெனச்சாலும் மனசு பதறுது, அவன் அதுல பாதி குடிச்சிருப்பானான்னே எனக்கு சந்தேகம்.

ஒரு பாக்கெட் கூட வாங்க முடியலன்னா தப்பே இல்ல, ட்ரை ஃபுட்டயே வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிஷம் ஊற வச்சி குடுங்க. 30 கிராமுக்கு 60 மில்லி ஊத்துனா நல்லா இழுத்துக்கிடும். பூனை மொதல்ல மோந்து பாத்துட்டுப் போவும், அப்ப ஒரு ஸ்பூன் தண்ணிலேருந்து ஆரம்பிச்சி பைய பைய கூட்டணும். ஊறுனதை அரை மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கக் கூடாது, புளிச்சிரும்.

எந்தப் பூனைக்கு எதுன்னு கேட்டா, ஸ்டெரிலைஸ் பண்ணுன ஆம்பளப் பூனைக்கும், ஒரு தடவை ஒன்னுக்கு பிரச்சன வந்த எந்தப் பூனைக்கும் வெட் கூடுதலா இருக்கணும், இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். சுகர் இருக்குத பூனை, கிட்னி போன வயசான பூனை, இதுகளுக்கும் வெட் தான் நல்லது, ஆனா எந்த வெட்டுன்னு டாக்டர் தான் சொல்லணும், தனி சாப்பாடு இருக்கு, கடைக்காரர் சொல்லுததை வச்சி வாங்காதீங்க. குண்டுப் பூனைக்கும் வெட் உதவும், தண்ணில வயிறு ரொம்பிரும். விலாவுல கைய வச்சி லேசா தடவுனா எலும்பு தட்டுப்படணும், தட்டுப்படலன்னா குண்டு தான். எங்க வீட்டுல ரொம்ப நாளு கிண்ணம் நெறைய ட்ரைய கொட்டி வச்சிட்டு ஆபீஸ் போயிருவோம், செவலை குண்டானது அப்டித்தான். இப்ப 30 கிராம நெறுத்து ஒரு சின்ன காப்பி டம்ளர்ல போட்டு எது வரைக்கும் வருதுன்னு கோடு போட்டு வச்சிட்டோம், அந்தக் கோட்டுக்கு மேல யாரும் போட மாட்டோம். வீட்டுல தராசு இல்லன்னா பலசரக்குக் கடை அண்ணாச்சிட்ட குடுத்தா ஒரு நிமிஷத்துல நெறுத்துக் குடுத்துருவாரு.

குட்டிக்கு பாக்கெட்ல 'கிட்டன்'னு (குட்டின்னு) போட்ட சாப்பாடே வேணும், அது வளந்துக்கிட்டு இருக்கு, பெரிய பூனை சாப்பாடு காணாது. நாலு வாரத்துல கிரேவிய தண்ணி விட்டு கொழச்சி நக்க விடலாம். குட்டில ரெண்டையும் பழக்கிருங்க. சின்னதுல ட்ரை மட்டுமே தின்ன பூனை பெரிசானதும் கிரேவிய சாப்பாடாவே மதிக்காது, நாளைக்கு டாக்டர் வெட் தான் குடுக்கணும்னு சொன்னா நீங்க தான் கெடந்து தவிக்கணும்.

லேபிள்ல ஒரே ஒரு வரி கட்டாயம் பாருங்க. கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டுன்னு போட்டிருந்தா அதை மட்டும் குடுத்து வளக்கலாம். காம்ப்ளிமென்டரின்னோ ட்ரீட்டுன்னோ போட்டிருந்தா அது கொறிக்க தான், அந்த டியூப்ல வருத க்ரீம், ஜெல்லில மெதக்குத சில டூனா டப்பால்லாம் பெரும்பாலும் இந்த சாதி. விஸ்காஸ், மீ-ஓ, ஷீபா, ராயல் கேனின் எந்தக் கம்பெனியா இருந்தாலும் பேர வச்சி முடிவு பண்ணாம இந்த வரிய வச்சி முடிவு பண்ணுங்க. பெறவு நாய் சாப்பாட்ட பூனைக்கு போடாதீங்க. பூனைக்கு டாரின்னு ஒரு சத்து சாப்பாட்டுலேருந்தே வரணும், அதோட உடம்பு தேவைக்கு அதை செஞ்சிக்கிடாது. அது கொறைஞ்சா கண்ணு போவும், இதயம் வீங்கிரும். 1987ல அமெரிக்காவுல கலிபோர்னியா பல்கலைக்கழகத்து டேவிஸ் வளாகத்துல தான் பூனை இதயம் வீங்குததுக்கு டாரின் கொறைபாடு தான் காரணம்னு கண்டுபுடிச்சாங்க, அதுக்கப்புறம் தான் கம்பெனிக்காரங்க டாரின் அளவ கூட்டுனாங்க.

ட்ரை தின்னா பல்லு சுத்தமாவும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது சரி இல்ல. பல்லுக்குன்னே செஞ்ச தனி ட்ரை ஃபுட் இருக்கு, அது வேற. சாதா ட்ரை பல்லு பட்டதும் ஒடைஞ்சி போயிரும், பாதிய முழுங்கிரும். பல்லுக்கு பிரஷ் தான்.

இப்ப எங்க ஆச்சி கதை. செவலைக்கு கிரேவி பாக்கெட் பிரிக்குதத பாத்துட்டு, "ஏட்டி, நம்ம வீட்டுல எத்தனை பூனை வளந்துச்சு, எல்லாம் பால்சோறும் மீன் முள்ளும் தின்னுட்டு தான திரிஞ்சிச்சு, இதுக்கு என்னத்துக்கு இம்புட்டு ரூபா?"ன்னு கேட்டா. ஆச்சி சொன்னது பொய்யில்ல. ஆனா முக்கூடல்ல ஆச்சி வீடு நெல்லு வீடு, அரங்கு வீட்டுல மூட்டை அடுக்கி இருக்கும், அங்க எலிக்குப் பஞ்சமே கெடையாது. புறவாசல்ல ஓணான், பல்லி, குருவி. அந்தப் பூனைகளுக்கு எலி தான் சாப்பாடு, பால்சோறு சும்மா மேல்வரவு. எங்க வீடு ரெண்டாவது மாடி, செவலைக்கு எலி எங்க கெடைக்கும்? அவனுக்கு பால்சோறு மட்டும் போட்டா அது பட்டினி போடுததுக்கு சமம். இதச் சொன்னதும் ஆச்சி கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "ஆமா, அதுவும் சரி தான்"ன்னுட்டா. இப்ப ஊர்லேருந்து வரும்போது அவளே ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாரா.

பால் நெறைய பெரிய பூனைகளுக்கு செரிக்காது, வயித்தால போவும். மீன் குழம்பு ஊத்துன சோறு வேண்டவே வேண்டாம், நம்ம குழம்புல சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாம இருக்காது, ரெண்டும் பூனையோட ரத்த அணுவ ஒடைச்சி ரத்த சோகையில கொண்டு விடும், வதக்குனாலும் அரைச்சாலும் அதோட வெசம் போவாது. கருவாடு உப்பு. சாளை மீன் ரொம்ப மலிவா வருதுன்னு தெனமும் அதையே போட்டாலும் கெடுதல், எண்ணெ மீனா போட்டுப் போட்டு வைட்டமின் ஈ கொறைஞ்சி உடம்புக் கொழுப்பு வீங்கி தொட்டாலே வலிக்கும். பச்ச மீன் சிலதுல வைட்டமின் பி1ஐ அழிக்குத பொருள் இருக்கு, வேக வச்சா போயிரும். அதனால மீனோ கோழியோ உப்பு போடாம அவிச்சி, முள்ளும் எலும்பும் எடுத்துட்டு, அவிச்ச தண்ணியோட குடுங்க, டாரின் அந்த தண்ணில தான் எறங்கி இருக்கும், தண்ணியும் உள்ள போன மாதிரி ஆச்சு. ஆனா நாள் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். எங்க வீட்டுல ஞாயித்துக்கெழம கறி எடுக்கும்போது மட்டும் தான்.

நம்ம ஊரு வெயில்ல வெட் ஃபுட்ட கையாளுததுக்கு ஒரு பழக்கம் வேணும். வச்ச சாப்பாட்ட அரை மணி, மிஞ்சிப் போனா ஒரு மணி நேரத்துல எடுத்துரணும், ஈ வந்து உக்காந்தா அப்பவே. மிச்சத்த பாக்கெட்டோட வைக்காம சின்ன டிபன் டப்பால போட்டு மூடி பிரிட்ஜ்ல வச்சா ரெண்டு நாள் தாங்கும். பிரிட்ஜ்லேருந்து எடுத்து அப்டியே வச்சா பூனை தொடாது, குளுந்த சாப்பாட்டுல வாசம் எழும்பாது, பூனை வாசத்துக்கு தான் திங்கும். ரெண்டு ஸ்பூன் சுடுதண்ணி விட்டு கலக்குங்க, வெரல் வச்சா நம்ம உடம்புச் சூடு இருக்கணும். எறும்புக்கு, அகலமான தட்டுல தண்ணி ஊத்தி நடுவுல கிண்ணத்த வைங்க, நம்ம வீடுகள்ல நெய்ச் சட்டிக்கு பண்ணுத அதே வேலை தான். ட்ரை ஃபுட்ட ஐப்பசி கார்த்திகை மழைல தெறந்து போட்டா நமத்துப் போவும், பூசணம் புடிக்கும், அந்தப் பையோடயே இறுக்கக் கட்டி காத்துப் போகாத டப்பால வைங்க, தெறந்தா ஒரு மாசத்துல தீருத மாதிரி சின்ன பாக்கெட்டா வாங்குங்க. மூட்டைலேருந்து லூசா அள்ளிக் குடுக்குதது மலிவு தான், ஆனா மோந்து பாருங்க, சிக்கு வாடை அடிச்சா வேண்டாம். எனக்கு ஒரு கடைல ரெண்டு தடவ அப்டி வந்துச்சு, செவலை மோந்துட்டு திரும்பிக்கிட்டான், அதுலேருந்து லூசு வாங்குதது இல்ல.

தண்ணிய மண்சட்டில வைங்க. வாய் அகலமா இருக்கணும், மீசை ஒரசுனா சில பூனைக்குப் புடிக்காது. மண்சட்டி கசிஞ்சி ஆவியாவுததுல தண்ணி குளுந்தே இருக்கும், சித்திரை வெயில்லயும். சாப்பாட்டுக் கிண்ணத்து பக்கத்துல வைக்காம தள்ளி வைங்க, லிட்டர் ட்ரேக்கு பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க. எங்க வீட்டுல பட்டாசல்ல ஒன்னு, அடுக்களை வாசல்ல ஒன்னு, பால்கனில ஒன்னு, மூணு சட்டி. எங்க போர் தண்ணி உப்பு, செவலை வாய் வைக்க மாட்டான், ஆத்துத் தண்ணி வருத பைப்புல புடிச்சி வச்சா உக்காந்து குடிப்பான், தாமிரபரணி ருசி அவனுக்கும் தெரிஞ்சிருக்கு.

மாத்துதத ஒரே நாள்ல மாத்தாதீங்க. பழைய சாப்பாட்டுல கால் பங்கு புதுசு, ரெண்டு மூணு நாள் கழிச்சி பாதி, பெறவு முக்கால், மொத்தம் ஏழுலேருந்து பத்து நாள். புடிவாதக் காரப் பூனைக்கு ஒரு மாசம் கூட ஆவும். பசிச்சா தானா திங்கும்னு பட்டினி மட்டும் போட்டுறாதீங்க, பூனை விசயத்துல அது ஆபத்து, குறிப்பா குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் திங்கலன்னா கொழுப்பு போயி கல்லீரல்ல அடைச்சிரும். ஒரு நாள் முழுக்க ஒன்னும் திங்கலன்னா டாக்டர்ட்ட போயிருங்க. ராமையன்பட்டில, சங்கரன்கோவில் ரோட்டுல, 2012ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க ஆஸ்பத்திரியும் உண்டு, தெரியாதவங்க தெரிஞ்சி வச்சிக்கிடுங்க. ஆம்பளப் பூனை திரும்பத் திரும்ப குந்திட்டு ஒன்னும் வரலன்னா விடியட்டும்னு என்னைய மாதிரி காத்திருக்காதீங்க, அந்நேரமே போன் அடிச்சி எந்த டாக்டர் பாப்பாங்கன்னு கேட்டு தூக்கிட்டுப் போங்க, ஒரு நாள் ரெண்டு நாள்ல உயிரே போயிரும்.

சாப்பாடு சரியா தான் போகுதான்னு நான் இப்ப பாக்குதது லிட்டர் ட்ரேல தான். கட்டி புடிக்குத மணல் போட்டிருக்கேன், காலைல அள்ளும்போது எத்தனை கட்டி, எவ்ளோ பெருசுன்னு பாப்பேன். ட்ரை மட்டும் தின்ன காலத்துல நெல்லிக்கா அளவுல ஒன்னு, ரெண்டு. இன்னைக்கு வெள்ளன அள்ளுனேன், எலுமிச்சங்கா அளவுல மூணு கட்டி கெடந்துச்சு.